குதிகாலில் ஒரு துளி ரத்தம்

தேவ்நார் பகுதித் தமிழ்த் தாய்மார்களுக்கான பேச்சு



திருநெல்வேலி, சேலம், விழுப்புரம் என்று பல ஊர்களில் இருந்து தமிழ் மக்கள் மும்பைக்குப் பிழைக்க வந்தார்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், தேவ்நார் என்று பல இடங்களில் குடியேறினார்கள். ஊர் வேறாக இருக்கலாம். செய்யும் வேலை வேறாக இருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே கவலைதான். பிள்ளை நன்றாக இருக்கிறதா?

இன்றைய பேச்சு இரண்டு விஷயங்களைப் பற்றியது. ஒன்று, தூங்கப் போட்ட குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோவது. இன்னொன்று, தைராய்டு என்னும் சுரப்பி. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு காலத்தில் சில மருத்துவர்கள் எண்ணினார்கள். அது சரியா? இதைத் தெரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது புரியும்.

தூக்கத்தில் வரும் சாவு

நல்ல குழந்தை. காய்ச்சல் இல்லை. பால் குடித்தது. தூங்கியது. காலையில் பார்த்தால் உயிர் இல்லை.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் சிலருக்கு இப்படி நடக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்கிறார்கள். குழந்தை தூங்கிய இடத்தைப் பார்க்கிறார்கள். வீட்டாரிடம் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். அப்போதும் காரணம் தெரியவில்லை என்றால், அதைக் காரணம் தெரியாத திடீர் மரணம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக ‘சிட்ஸ்’ என்று சொல்வார்கள். 1969-ல் மருத்துவர்கள் கூடி இந்தப் பெயரை வைத்தார்கள். இரண்டு மாதம் முதல் நான்கு மாதம் வரை உள்ள குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது.

இப்படி ஒரு குழந்தை இறந்தால் அக்கம்பக்கம் என்ன பேசுகிறது?

"கண்ணேறு பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "பிள்ளை பிறந்த நேரம் சரியில்லை" என்பார் இன்னொருவர். "பால் கொடுக்கும்போது இவள் தூங்கிவிட்டாள். பிள்ளைமேல் உருண்டுவிட்டாள்" என்று பழி சொல்வார் மற்றொருவர். பிள்ளையை இழந்த தாய்க்கு அதைவிடப் பெரிய கொடுமை வேறு இல்லை. காரணம் தெரியாத சாவுக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அதைத் தாயின் தலையில் கட்டுகிறார்கள். இது தவறு.

படித்தவர்களும் தவறினார்கள்

காரணம் தெரியாதபோது ஏதாவது ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்வது மனித இயல்பு. படித்த மருத்துவர்களும் இதற்கு விலக்கு அல்ல.

நெஞ்சுக்குள் தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டு. சிறு வயதில் அது பெரிதாக இருக்கும். வளர வளரச் சுருங்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், திடீரென்று இறந்த குழந்தைகளின் உடலை ஐரோப்பிய மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். தைமஸ் பெரிதாக இருந்தது. "இதுதான் மூச்சை அடைத்துக் கொன்றது" என்று முடிவு கட்டினார்கள்.

உண்மை என்ன? அதற்கு முன்பு அவர்கள் அறுத்துப் பார்த்த குழந்தைகள் பெரும்பாலும் ஏழைக் குழந்தைகள். நெடுநாள் நோயில் கிடந்து, மெலிந்து இறந்தவர்கள். நோயில் தைமஸ் சுருங்கிவிடும். அந்தச் சுருங்கிய அளவையே சரியான அளவு என்று மருத்துவர்கள் நினைத்துவிட்டார்கள். திடீரென்று இறந்த குழந்தையின் தைமஸ்தான் இயல்பான அளவில் இருந்தது.

இந்தத் தவறு ஏட்டோடு நிற்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நல்ல குழந்தைகளுக்குத் தைமஸைச் சுருக்குவதற்காக எக்ஸ்ரே கதிர் கொடுத்தார்கள். தைமஸுக்கு மேலே, கழுத்தில் இருப்பது தைராய்டு. கதிர் அதன்மேலும் பட்டது. 1950-ல் நியூயார்க் மருத்துவர்கள் தைராய்டில் புற்றுநோய் வந்த சிறுவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் பலருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது இந்தக் கதிர் கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. இல்லாத நோய்க்குச் செய்த வைத்தியம், பிறகு உண்மையான நோயைக் கொண்டுவந்தது.

தைராய்டு மேல் வந்த சந்தேகம்

அடுத்து ஒரு சந்தேகம் தைராய்டு மேலேயே வந்தது.

தைராய்டு கழுத்தின் முன்பக்கம் இருக்கிறது. பட்டாம்பூச்சி சிறகு விரித்தது போன்ற வடிவம். அதில் இருந்து ஹார்மோன் என்னும் நீர் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது. உடல் சூடாக இருக்க, இதயம் ஒழுங்காகத் துடிக்க, குழந்தை வளர, மூளை வளர, எல்லாவற்றுக்கும் இது வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று டி4. இன்னொன்று டி3. டி4-ல் இருந்து உடல் டி3-ஐ உண்டாக்கிக்கொள்கிறது.

1981-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். திடீரென்று இறந்த 50 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்ததில், 44 குழந்தைகளுக்கு டி3 அளவு மிக அதிகமாக இருந்தது. "காரணம் அகப்பட்டுவிட்டது" என்று பலர் நம்பினார்கள். பிறக்கும்போதே சோதித்தால் எந்தக் குழந்தைக்கு ஆபத்து என்று சொல்லிவிடலாம் என்ற ஆசையும் பிறந்தது.

மற்ற ஊர்களில் இருந்த ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. திரும்பச் சோதித்தார்கள். அப்போது ஒரு விஷயம் வெளிவந்தது. உயிர் போன பிறகும் ரத்தத்தில் மாற்றம் நடக்கிறது. டி3 அளவு இறந்த பிறகு ஏறிவிடுகிறது. ஆகவே அந்த அளவை வைத்துக்கொண்டு, உயிரோடு இருந்தபோது குழந்தைக்கு என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. தைராய்டுதான் திடீர் சாவுக்குக் காரணம் என்பது நிலைக்கவில்லை. இன்றுவரை அதற்கு உறுதியான சான்று இல்லை.

இதில் இருந்து என்ன தெரிகிறது? இறந்த பிறகு ரத்தத்தைப் பார்த்துக் காரணம் தேடினால் அது ஏமாற்றலாம். உயிரோடு இருக்கும் குழந்தையின் ரத்தத்தைப் பார்த்தால்தான் பயன். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன், திடீர் சாவைக் குறைத்தது எது என்று பார்ப்போம்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள்

1980-களின் பிற்பகுதியில் நியூசிலாந்து நாட்டில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இறந்த குழந்தைகளின் வீடுகளுக்குப் போனார்கள். நலமாக இருந்த குழந்தைகளின் வீடுகளுக்கும் போனார்கள். இரண்டையும் ஒப்பிட்டார்கள். மூன்று விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன. குப்புறப் படுக்க வைத்த குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். தாய் புகைபிடிக்கும் வீட்டில் ஆபத்து அதிகம். தாய்ப்பால் குடிக்காத குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

1991-ல் பிரிட்டனிலும், 1994-ல் அமெரிக்காவிலும் பிரசாரம் தொடங்கினார்கள். ஒரே ஒரு சேதிதான். "குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்." மருந்து இல்லை. ஊசி இல்லை. சில ஆண்டுகளுக்குள் அந்த நாடுகளில் திடீர் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

மூச்சு முட்டும்போது எழுந்துகொள்ளச் சொல்வது மூளை. சில குழந்தைகளுக்கு மூளையின் அந்தப் பகுதி பலவீனமாக இருக்கிறது என்று இன்றைய ஆய்வுகள் கருதுகின்றன. எந்தக் குழந்தைக்கு அப்படி இருக்கிறது என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாக் குழந்தைகளையும் பத்திரமாகப் படுக்க வைக்க வேண்டும்.

தேவ்நாரில் பல குடும்பங்களுக்குப் பத்துக்குப் பத்து அறைதான் வீடு. தொட்டிலும் கட்டிலும் போட இடம் ஏது? தேவையில்லை. தாயின் பாய்க்குப் பக்கத்தில் குழந்தைக்குத் தனியாக ஒரு பாய் போடுங்கள். அதன்மேல் மெல்லிய துணியை இழுத்து விரியுங்கள். தலையணை வேண்டாம். பஞ்சு மெத்தை வேண்டாம். முகத்தில் போர்வை படக்கூடாது. நிறையத் துணி சுற்றிச் சூடேற்றக்கூடாது. குடித்துவிட்டு வருகிறவரும் புகைபிடிக்கிறவரும் குழந்தையோடு ஒட்டிப் படுக்கக்கூடாது. தூளியில் போட்டால் கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் இடிக்காமல் பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவரின் கண் பார்வையில் இருக்க வேண்டும். தூங்கிவிட்டால் பாயில் மாற்றிப் போடுவது நல்லது.

பீடிப் புகை, அடுப்புப் புகை, சாம்பிராணிப் புகை எதுவும் குழந்தைக்கு ஆகாது. தேவ்நார் குப்பைமேடு 1927-ல் இருந்து இருக்கிறது. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது புகை நகரத்தையே மூடியது. வெளியே வரும் புகையை ஒரு தாய் தனியாகத் தடுத்துவிட முடியாது. வீட்டுக்குள் வரும் புகையைத் தடுக்கலாம்.

சத்தம் இல்லாமல் வரும் கேடு

மீண்டும் தைராய்டுக்கு வருவோம். திடீர் சாவுக்குத் தைராய்டு காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. அப்படியானால் தைராய்டைப் பற்றிக் கவலை வேண்டாமா? வேண்டும். அது வேறு ஒரு கேட்டைச் செய்கிறது. அது திடீரென்று வருவதில்லை. மெல்ல மெல்ல, சத்தம் இல்லாமல் வருகிறது.

சில குழந்தைகளுக்குத் தைராய்டு பிறவியிலேயே இருக்காது. அல்லது இடம் மாறி, சிறுத்து இருக்கும். ஹார்மோன் சுரக்காது. ஹார்மோன் இல்லாவிட்டால் மூளை சரியாக வளராது. உயரமும் வளராது. பேச்சு வராது. பிறகு எத்தனை மருந்து கொடுத்தாலும் இழந்த மூளை வளர்ச்சியைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இதில் பெரிய ஆபத்து என்ன தெரியுமா? பிறக்கும்போது குழந்தை நன்றாகவே இருக்கும். தாயின் ஹார்மோன் கொஞ்சம் அதன் உடலில் இருப்பதால் எதுவும் தெரியாது. அறிகுறிகள் சில வாரங்கள் கழித்துத்தான் வரும். மஞ்சள் காமாலை சீக்கிரம் இறங்காது. குழந்தை எந்நேரமும் தூங்கும். பால் குடிக்கச் சோம்பும். மலச்சிக்கல் இருக்கும். அழுகைச் சத்தம் கரகரப்பாக இருக்கும். தொப்புள் பிதுங்கும். நாக்கு பெரிதாக இருக்கும். தோல் வறண்டு, குளிர்ந்து இருக்கும். "என் பிள்ளை தங்கம். அழுவதே இல்லை. எப்போதும் தூக்கம்தான்" என்று வீட்டார் மகிழ்ந்து போவார்கள். அதற்குள் காலம் கடந்துவிடும்.

ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்கக்கூடாது. முன்பே சோதிக்க வேண்டும்.

சோதனை எப்படி நடக்கிறது?

மூளைக்கு அடியில் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. கட்டட வேலையில் மேஸ்திரி இருப்பது போல அது தைராய்டை வேலை வாங்குகிறது. அது அனுப்பும் உத்தரவுக்குப் பெயர் டி.எஸ்.எச். தைராய்டு ஒழுங்காக வேலை செய்தால் மேஸ்திரி சத்தம் போட மாட்டார். வேலை நடக்காவிட்டால் சத்தம் கூடிக்கொண்டே போகும். ரத்தத்தில் டி.எஸ்.எச். மிக அதிகமாக இருந்தால் தைராய்டு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

குழந்தை பிறந்த 2-ஆம் நாளில் இருந்து 5-ஆம் நாளுக்குள் குதிகாலில் சிறு ஊசியால் குத்தி, சில துளி ரத்தத்தை ஓர் அட்டையில் எடுப்பார்கள். குழந்தை கொஞ்சம் அழும். பால் கொடுத்தால் அடங்கிவிடும். பிறந்த உடனே எல்லாக் குழந்தைகளுக்கும் டி.எஸ்.எச். ஏறி இறங்கும். அதனால்தான் ஒன்றிரண்டு நாள் பொறுத்து எடுக்கிறார்கள். சில மருத்துவமனைகளில் தொப்புள்கொடி ரத்தத்திலேயே சோதிக்கிறார்கள். அளவு அதிகமாக இருந்தால், மறுபடியும் ரத்தம் எடுத்து உறுதி செய்வார்கள்.

நோய் உறுதியானால் வைத்தியம் எளிது. தைராக்சின் மாத்திரையைப் பொடித்து, ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து, தினமும் ஒரு வேளை கொடுக்க வேண்டும். மாத்திரை விலை குறைவு. பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். பள்ளிக்கூடம் போகும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக்கூடாது. இரும்புச்சத்து மருந்தோடும் சுண்ணாம்புச்சத்து மருந்தோடும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது.

மும்பை கண்ட உண்மை

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் டாக்டர் ழான் டுசோ என்பவர் 1970-களின் தொடக்கத்தில் இந்தச் சோதனையைத் தொடங்கினார். இந்தியாவில் முன்கை எடுத்த ஊர்களில் ஒன்று மும்பை. பரேலில் வாடியா குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. அங்கே டாக்டர் மீனா தேசாயும் அவருடன் வேலை செய்தவர்களும் 1980-களில் 12,407 குழந்தைகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 2,500 குழந்தைகளுக்கு ஒரு குழந்தைக்கு இந்த நோய் இருந்தது.

பிறகு 2007-ல் இருந்து 2012 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மும்பை, டெல்லி, சென்னை, ஐதராபாத், கொல்கத்தா ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைச் சோதித்தது. 1,130 குழந்தைகளுக்கு ஒரு குழந்தைக்கு நோய் இருந்தது. சென்னையில் இன்னும் அதிகம். 727-க்கு ஒன்று.

இது அரிய நோய் அல்ல. ஆண்டுக்குச் சில ஆயிரம் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையில், ஆண்டுதோறும் இப்படிச் சில குழந்தைகள் பிறக்கலாம். சோதித்தால் காப்பாற்றலாம்.

உப்பும் ஒரு மருந்து

தைராய்டு ஹார்மோன் உண்டாக அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்கு இது இன்னும் அதிகம் வேண்டும். அயோடின் போதாவிட்டால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை பாதிக்கப்படும்.

1956-ல் இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசாமியும் அவருடன் இருந்தவர்களும் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அங்கே பலருக்குக் கழுத்து வீங்கியிருந்தது. சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். அங்கே கழுத்து வீக்கம் குறைந்தது. அதன் பயனாக 1962-ல் நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் வந்தது. 2006-ல் இருந்து, சாப்பாட்டுக்கு விற்கும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இதில் தேவ்நாருக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கேதான் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. நாடு முழுவதும் வீடு வீடாகப் போய்க் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடத்துவது இந்த நிறுவனம். கணக்கெடுக்க வருகிறவர்கள் சமையலறை உப்பையும் வாங்கிச் சோதிக்கிறார்கள். 2019-21 கணக்கெடுப்பில், நூற்றுக்கு 94 வீடுகளில் அயோடின் உப்பு இருந்தது. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளையும் இந்தக் கணக்கு சொல்கிறது. 1992-93-ல் 1,000 குழந்தைகளுக்கு 79 பேர் இறந்தார்கள். 2019-21-ல் 35 பேர். பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. இன்னும் குறைய வேண்டும்.

உப்பு வாங்கும்போது பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஈரமும் வெயிலும் படவேண்டாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. நல்ல உப்பு சாப்பிட்ட தாய்க்கும் தைராய்டு இல்லாத குழந்தை பிறக்கலாம். அது தாயின் குற்றம் அல்ல. அதற்கு உப்பு போதாது. சோதனைதான் வேண்டும்.

இனி செய்ய வேண்டியது

கர்ப்பமானதும் மருத்துவரிடம் தைராய்டு சோதனை பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற பெண், கர்ப்பம் என்று தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன், நர்ஸிடம் ஒரு கேள்வி கேளுங்கள். சயான் ஆஸ்பத்திரியோ, ராஜாவாடியோ, சதாப்தியோ, தனியார் நர்சிங் ஹோமோ, எங்கே என்றாலும் கேளுங்கள். இந்தியில் இப்படிக் கேட்கலாம்: "பச்சே கா தைராய்ட் டெஸ்ட் ஹுவா க்யா?" குழந்தைக்குத் தைராய்டு சோதனை ஆகிவிட்டதா என்று பொருள். எல்லா இடத்திலும் தானாகவே செய்ய மாட்டார்கள். ஆகவே கேட்க வேண்டும். இல்லை என்றால், எங்கே செய்யலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாய்வீட்டுக்குப் போய் ஊரில் பிரசவம் பார்த்தால், அங்கேயே கேளுங்கள். சீட்டைப் பத்திரமாக மும்பைக்குக் கொண்டுவாருங்கள். நாள் தவறிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் செய்யுங்கள்.

பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையைக் குப்புறப் போட்டால் வயிற்றுவலி போகும், நன்றாகத் தூங்கும் என்பது பழைய பழக்கம். அதை விட்டுவிடுங்கள். விழித்திருக்கும்போது, கண் முன்னால் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டலாம். தூங்கப் போடும்போது மல்லாக்கத்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை தூக்கத்தில் இறந்துவிட்டால், அந்தத் தாயிடம் காரணம் கேட்டுக் குடையாதீர்கள். கூட உட்காருங்கள். ஒரு வாய் கஞ்சி கொடுங்கள். அடுத்த குழந்தை பிறக்கும்போது துணைக்கு மருத்துவமனைக்குப் போங்கள்.

சோதனை முடிந்ததும் ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதில் ஆங்கிலத்தில் டி, எஸ், எச் என்று மூன்று எழுத்துகள் இருக்கும். பக்கத்தில் ஓர் எண் இருக்கும். இருக்க வேண்டிய அளவும் அதே வரியில் பெரும்பாலும் அச்சாகி இருக்கும். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். எண் அதிகமாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.